மரமில்லா மலை, மகரந்தமுள்ள காற்று: பாலாற்றங்கரையில் ஒரு தும்மலின் வரலாறு

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் 1981-ல் பொய்யாகிவிட்டது. அந்த ஆண்டுதான் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மறுபடியும் லிங்கம் வைக்கப்பட்டது. மற்றவை அநேகமாக அப்படியேதான் இருக்கின்றன.

மரமே இல்லாத ஊரில் மகரந்த அலர்ஜி எப்படி வரும்? நியாயமான கேள்விதான். பூங்காவும் சாலையோர மரங்களும் நிறைந்த பெங்களூரில் தும்மினால் மகரந்தம் என்பார்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ தும்மினால் "டேனரி காத்து ஒத்துக்கல" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு நூற்றைம்பது ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் நோயின் கதை. 1819-ல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், ஒவ்வொரு கோடையிலும் தனக்கு வரும் கண் அரிப்பையும் மூக்கொழுகலையும் ஒரு நோயாகவே எழுதி மருத்துவர் சங்கத்தில் வாசித்தார். காரணம் என்ன என்பது அவருக்குப் பிடிபடவில்லை, வெயில்தான் என்று நினைத்தார். மகரந்தத்தைப் பிடித்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் அதே நோய் இருந்ததால் தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். புல்லின் மகரந்தத்தைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்தார், தோலைக் கீறித் தடவிப் பார்த்தார். பட்டத்தில் கண்ணாடித் தகடுகளைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணவும் செய்தார்! அவருடைய நூல் 1873-ல் வெளிவந்தது. "அலர்ஜி" என்ற சொல்லே அதற்கும் பிறகு, 1906-ல்தான் பிறந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உருவாக்கிய சொல் அது.

பிளாக்லியின் நூல் வந்த சில ஆண்டுகளிலேயே, இந்தப் பக்கத்துத் தும்மலுக்கான விதை கப்பலேறியது. அப்போது சென்னை மாகாணத்தில் விறகுத் தட்டுப்பாடு. ரயில் எஞ்சினுக்கு விறகு, வீட்டு அடுப்புக்கு விறகு, இதற்கு நடுவே 1876-78 பெரும் பஞ்சம். வறண்ட நிலத்திலும் தண்ணீர் ஊற்றாமலே வளரும் மரம் ஒன்று வேண்டும் என்று மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் கேட்டார். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, வடாற்காட்டுக்கு வடக்கே கடப்பைப் பக்கம் நடப்பட்டது. அதுதான் சீமைக் கருவேலம். வடமாவட்டங்களில் வேலிகாத்தான் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்.

காமராஜர் காலத்தில் அமெரிக்காக்காரன் சதி செய்து இதை அனுப்பினான் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1877-ல் காமராஜர் பிறக்கவே இல்லை. 1950, 60-களில் அரசே விறகுக்காகப் பரவலாக விதைத்தது உண்மை. ஆனால் மரம் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில், வந்த காரணமும் சதி அல்ல, அடுப்பு.

மரம் வந்துவிட்டது. ஆனால் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இவ்வளவு இடம் அதற்கு எப்படிக் கிடைத்தது? இங்கேதான் தோல் உள்ளே வருகிறது.

இந்தப் பகுதியின் பழைய தோல் தொழில் முழுக்க மரப்பட்டையை நம்பியிருந்தது. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய்... இவற்றில் ஊறிய தோல்தான் சென்னைத் துறைமுகம் வழியே லண்டன் ஏலத்துக்குப் போனது. பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டை ஆவாரத்தின் இடத்தைப் பிடித்தது. (அந்த வாட்டில் மரத்தைப் பழனி மலையிலும் நீலகிரியிலும் நட்டு, இன்று அதை வெட்ட முடியாமல் திணறுவது தனிக்கதை.) 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தோலை முழுமையாகப் பதனிட்டோ ஷூவாகத் தைத்தோ அனுப்பினால்தான் லாபம் என்றாகி, தொழில் குரோமியத்துக்கு வேகமாக மாறியது.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதில் உப்பைத் தடவித்தான் அனுப்புவார்கள். கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கும், அந்தத் தண்ணீர் பாலாற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது இந்தத் தீர்ப்பால்தான் என்று சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள்.

நெல்லும் கரும்பும் தென்னையும் வளராத உப்பு நிலத்தில் எது வளரும்? வேலிகாத்தான் வளரும். உப்பையும் வறட்சியையும் தாங்குவதில் அதற்கு நிகரான மரம் குறைவு. ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதைத்துக்கொண்டே போகும். தண்ணீர் ஓடாத ஆற்று மணலும் அதற்கு விளைநிலமே. அது ஆண்டில் ஒரு தடவைக்கு மேலும் பூக்கும். தேனீக்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் மகரந்தத்தில் ஒரு பங்கு காற்றிலும் மிதக்கும். அது மூக்கையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் மகரந்தம் என்பதை டெல்லி, ராஜஸ்தான் தொடங்கி வளைகுடா நாடுகள் வரை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே டேனரியா, மகரந்தமா என்று கேட்பதே இங்கே சரியாக வராது. தரிசாக்கியது ஒன்று, தரிசில் பூத்தது மற்றொன்று.

இரண்டாவது விருந்தாளி பார்த்தீனியம். சுதந்திரத்துக்குப் பிறகு கோதுமை இறக்குமதியோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். 1955-ல் புனேயில் கவனத்துக்கு வந்தது. காங்கிரஸ் புல் என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், கோடிக்கணக்கில் மகரந்தம் உதிர்க்கும். லாரிச் சக்கரத்து மண்ணோடும் தீவனத்தோடும் ஊர் ஊராகப் போகும். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை ஆம்பூர், வேலூர் வழியாகத்தான் ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்ட நகரமான பெங்களூரில் மூக்கொழுகலுக்கு இந்தச் செடியின் மகரந்தம் ஒரு முக்கியக் காரணம் என்று அங்கே நடந்த ஆய்வுகள் கண்டன. 1983-ல் மெக்சிகோவிலிருந்து இதன் இலையைத் தின்னும் ஒரு வண்டைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு பெங்களூரில் விட்டார்கள். வண்டு மழைக்காலத்தில் நன்றாகவே தின்கிறது. கோடையில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடுகிறது!

மருந்துக்கு வந்தால், 1911-ல் லண்டனில் லெனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கிப் பார்த்தார். இன்றைய அலர்ஜி ஊசிகள் அந்த வழியில் வந்தவை. அவில், செட்ரிசின் எல்லாம் ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள், அரிப்பையும் தும்மலையும் அடக்கும், காரணத்தை நீக்காது. அவில் போட்டால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே 1970-களில் வந்தது. அடைப்பு தொடர்ந்து இருப்பவர்களுக்கு மாத்திரையைவிட அதுவே நன்றாகக் கேட்கும். ஆனால் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும் என்பதால் பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்.

நம்மூர்க் கொடி ஒன்றும் இந்த வரலாற்றில் இருக்கிறது. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் சிவ்புரி, 1960-களின் இறுதியில் நஞ்சறுப்பான் இலையை ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். பலருக்கு நிவாரணம் கிடைத்தது. கூடவே சிலருக்கு வாய்ப்புண், வாந்தி, நாக்கில் ருசி தெரியாமல் போவது என்று தொல்லைகளும் வந்தன. 1979-ல் வெளியான வேறொரு சோதனையில் பலன் தெரியவில்லை. அதனால் இலையைப் பறித்து மெல்லுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

டேனரியில் வேலை செய்பவருக்குக் கையிலும் முன்கையிலும் வரும் குரோமிய அரிப்பு வேறு. வேலை இருக்கும் வரை அது பருவம் பார்க்காமல் இருக்கும், லீவில் தணியும். மகரந்தத் தும்மல் சில மாதங்களில் ஏறி, சில மாதங்களில் இறங்கும். எந்த மாதம் என்று காலண்டரில் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மூச்சிரைப்பு வந்தால் மாத்திரையோடு சமாளிக்காமல் உடனே போக வேண்டும்.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் பல மாவட்டங்களில் ஜேசிபி வைத்துச் சீமைக் கருவேலத்தைப் பிடுங்கினார்கள். 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையையும் வெளியிட்டது. பிடுங்கிய இடத்தில் உடனே வேறு மரம் வைக்காவிட்டால், அடுத்த மழைக்குக் கிளறிய மண்ணில் பார்த்தீனியம்தான் முளைக்கும். முளைத்து ஒரு மாதம் ஆனாலே பூவுக்குத் தயாராகும் செடி அது. பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். அலர்ஜி உள்ளவர் அந்த வேலைக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம்.