மணி எல்லையில் இடப்பிறழ்ச்சிகள்

உலோகத்துண்டு என்பது நுண்ணிய படிக மணிகளின் திரள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுவரிசை ஒரே திசையில் செல்லும். அடுத்த மணியில் திசை மாறும். இரண்டும் சந்திக்குமிடம் மணி எல்லை. உலோகம் வளையும்போது மணிக்குள் நகர்பவை, டிஸ்லொகேஷன் எனப்படும் இடப்பிறழ்ச்சிக் கோடுகள். எல்லையை அடைந்ததும் அவை தேங்கலாம், அடுத்த மணிக்குள் புகலாம், எல்லையிலேயே கரைந்தும் போகலாம்.

இக்கோடுகள் பற்றிய கருத்தை 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகியோர் தனித்தனியே முன்வைத்தனர். 1956இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், அலுமினியப் படலத்துக்குள் அவை நகர்வது தெரிந்தது.

மணி சிறுத்தால் வலிமை கூடும் என்பதை மென்னெஃகில் ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் காட்டினர்: வலிமை உயர்வு மணி விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். எல்லையில் தேங்கும் கோடுகளின் அழுத்தமே இதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம். ஆனால் அத்தகைய தேக்கம் எல்லா உலோகங்களிலும் தெளிவாகத் தென்படுவதில்லை. எல்லையின் படிகளே கோடுகளை உமிழ்கின்றன என்று 1963இல் லீ கூறினார். இரு தரப்புக்கும் இன்றும் ஆதரவாளர்கள் உண்டு.

எல்லைகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்பதை வடிவியலால் நிறுவிய காலமே இவ்வரலாற்றில் மிகச் செழுமையானது. அடுத்தடுத்த மணிகளின் அணுவரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிப் பார்த்தால், சில அணு இடங்கள் இரண்டுக்கும் பொதுவாக அமையும். க்ரோன்பெர்க், வில்சன் ஆகியோர் 1949இல் செம்பில் இதைக் கவனித்தனர். 1964இல் பிராண்டன், ரால்ஃப், எஸ். ரங்கநாதன், வால்ட் ஆகியோர் புல அயனி நுண்ணோக்கியால் எல்லையின் அணு அமைப்பை ஆராய்ந்தனர். ஊசிமுனையளவு உலோகத்தில் அணுக்களையே ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் அருமையான கருவி அது. 1966இல் ரங்கநாதன் தனியாக வெளியிட்ட கட்டுரை, கனசதுரப் படிகங்களுக்கு ஒரு சூத்திரம் தந்தது. ஒரு மணியை எந்த அச்சில் சுழற்றினால் அடுத்ததன் திசை வருமோ, அந்தச் சுழலச்சின் குறியெண்கள் மூன்றின் வர்க்கங்களைக் கூட்டினால் N; எத்தனை இடங்களில் ஒன்று பொது எனச் சொல்லும் சிக்மா = x² + Ny² (x, y முழு எண்கள்); விடை இரட்டைப்படை என்றால் ஒற்றைப்படை வரும்வரை பாதியாக்க வேண்டும். 111 அச்சில் N = 3; x = 3, y = 1 என்றால் 12; இருமுறை பாதியாக்க 3. மூன்றில் ஓர் அணு இடம் பொது என்பது பொருள். இதுவே இரட்டை எல்லை. இவ்வளவு எளிய கணக்கில் இத்தனை எல்லைகள் அடங்குவது வியப்புக்குரியது. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த ரங்கநாதன், சாரதா ஸ்ரீனிவாசனுடன் இணைந்து உருக்கு எஃகு பற்றிய நூலும் எழுதினார்.

சூட்டில் எல்லையே வழுக்கும். அப்போது உலோகம் அளவுகடந்து நீள்வதே மீநெகிழ்ச்சி. அது பற்றிச் சென்னை ஐஐடியைச் சேர்ந்த கே. ஏ. பத்மநாபன், டேவிஸுடன் எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. நீட்சியின் வேகத்தை எல்லை வழுக்கலே தீர்மானிக்கிறது என்பது பத்மநாபனின் மாதிரி. அவ்வழுக்கலுக்கு இடங்கொடுக்கும் இடப்பிறழ்ச்சி நகர்வே தீர்மானிக்கிறது என்பது மற்றொரு தரப்பு.

ஹால், பெட்ச் கண்டதற்கு மாறாக, மணிகள் மீநுண் அளவுக்குச் சிறுத்தால் உலோகம் மென்மையாகலாம் என்று அதுல் சோக்‌ஷி குழு 1989இல் அறிவித்தது. மாதிரிகளின் தரம் குறித்து ஐயங்கள் எழுந்தன. சூட்டில் எஃகு நடந்துகொள்ளும் விதமும் ஆராயப்படுகிறது: கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் 316எல்என் என்ற துருப்பிடிக்காத எஃகின் நைட்ரஜன் அளவை 0.07 முதல் 0.22 விழுக்காடு வரை மாற்றி, சூட்டில் அது மெல்ல நீள்வதை ஆராய்ந்துள்ளனர்.