பினாங்கில் ஒரு நாள்: கல்லில் ஏறிய பெயரும் ஏறாத பெயரும்

பினாங்குக்கு உல்லாசமாகச் செல்லும் நம்மவருட் பலர் மலை ரயிலில் ஏறி, கடற்கரையில் உலாவி, கடையில் உண்டு மீள்கின்றனர். அதிற் குற்றமில்லை. ஆயினும், இந்நகரம் யாருடைய உழைப்பால் எழுந்தது என்று வினவாமல் மீள்வது நமக்கு நட்டமே யாகும். அண்மையில் நண்பர் மூவருடன் ஜார்ஜ் டவுன் வீதிகளில் ஒரு பகல் முழுதும் நடந்தோம். கண்டதையும் கருதியதையும் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

முதலிற் கண்டது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்னும் வணிகர், கெடா சுல்தானுக்குரிய இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். படைத்துணை கிடைக்கும் என்று நம்பியே சுல்தான் இடங்கொடுத்தார். துணை வரவில்லை, தீவுதான் போயிற்று. நிபோங் மரங்களை நட்டு லைட் அமைத்த அரண், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செங்கற் கோட்டையாயிற்று. காட்டை விரைவில் வெட்டுவிப்பதற்காக அவர் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை இட்டுச் சுட்டார் என்னும் கதையைப் பலரும் சொல்வர். கோட்டை கட்டப் பாடுபட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் என்பதைச் சொல்வோர் சிலரே.

லைட்டுக்கு 1936-இல் எழுப்பிய வெண்கலச் சிலை ஒன்றுண்டு. அவருடைய உருவப்படம் கிடைக்காமையால், மகன் வில்லியத்தின் சாயலைக் கொண்டு வடித்தனர் என்பர். முகம் தெரியாவிடினும் ஆண்டவனுக்குச் சிலை கிடைத்துவிடுகிறது!

அடுத்து நம்மவர் நடமாடிய தெருக்களுக்குச் சென்றோம். 1801-இல் காதர் மைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவர் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும் பார்த்தோம். இரண்டுக்கும் அருகே ஓடும் சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரின் பெயரைத் தாங்கியது. அக்கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை கப்பலேறி வந்து, வியாபாரத்தாலும் கைப்பாட்டாலும் சில வெள்ளி தேடிக்கொண்டு ஊர் திரும்புவதாக 1794-இல் லைட்டே எழுதியிருக்கிறார். வணிகத் தலைவரின் பெயர் கட்டடத்தோடு நின்றது. அந்த ஆயிரக்கணக்கானோருள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

மாலையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன் வந்து நின்றோம். வெண்தூண்களுடன் விளங்கும் இக்கட்டடமும் கைதிகளின் உழைப்பால் 1818-இல் எழுந்ததே. அந்த ஆண்டைக் கேட்டதும் எமக்குச் சிவகங்கை நினைவு வந்தது.

1801 அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். 1802 பிப்ரவரியில் அவனையும் வேறு 70 பேருக்கு மேற்பட்டோரையும் தூத்துக்குடியிற் கப்பலேற்றிப் பினாங்குக்குக் கடத்தினர். அவர்களைக் காவல் செய்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படையதிகாரி, முன்னாளில் சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர். 1818-இல் இதே பினாங்கில் தளர்ந்த கிழவனைப் போன்ற ஒருவன் அவர் முன் வந்து, தன் பெயர் துரைசாமி என்றான். முப்பது வயதைச் சற்றே கடந்தவனைப் பதினாறாண்டுச் சிறைவாழ்வு கிழவனாக்கி விட்டது!

இவ்வளவும் நமக்குத் தெரிவது எதனால்? காவல் செய்த மாற்றான் தன் நூலில் எழுதிவைத்ததனால். அவனுடன் வந்த எத்தனையோ பேரைப் பற்றி எழுத ஒரு வெல்ஷும் இல்லை. கைதிகளைக் கடத்தும் வழக்கம் காலப்போக்கில் ஒழிந்தது. அதன் பின்னர்த் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரமாய் வந்தோரும் பெரும்பாலும் பதிவேட்டில் ஓர் எண்ணாகவே நின்றனர்.

கல்லிற் பெயர் பொறிக்கப் பொருள் வேண்டும். ஏட்டில் எழுத எழுத்தறிவு போதும். நம் முன்னோர்க்கு அது மறுக்கப்பட்டது, நமக்கோ வாய்த்திருக்கிறது. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! உங்கள் பாட்டனார் எந்த ஊரினர், எந்த ஆண்டில் எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் உழைத்தார் என்பதை வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டியின் பெயரையும் மறவாதீர்கள். சொல்ல வல்ல மூத்தோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர், இவ்வாரமே தொடங்குங்கள்.