பழி சுமந்த தாய்மார்கள் கட்டிய சங்கம்

1950-களில் அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால், சந்தேகம் முதலில் பெற்றவள் மேல்தான் விழும். 1943-ல் ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதிய லியோ கானர், அது பிறவியிலேயே இருப்பது என்றுதான் கருதினார். ஆனால் பெற்றோரில் பலர் நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்றும் எழுதிவைத்தார். அந்த ஒரு வரி ஊரெல்லாம் பரவியது. தாய்மார்களுக்கு ‘ரெஃப்ரிஜிரேட்டர் மதர்’, அதாவது பாசம் உறைந்துபோன தாய், என்று பட்டப்பெயரே விழுந்தது.

சிகாகோவில் இத்தகைய பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த புரூனோ பெட்டல்ஹைம் அந்தப் பழியை இன்னும் கொடுமையாக்கினார். நாஜி முகாமில் அடைபட்டவர் உலகத்தை வெறுத்துத் தனக்குள் ஒடுங்குவதுபோல, பிள்ளையும் தாய்க்கு அஞ்சி ஒடுங்குகிறது என்றார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே சிகிச்சையானது. எங்கே தவறினோம் என்று தோண்டிப் பார்க்க, தாயும் மனநல மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. இரவெல்லாம் கண்விழித்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளைப் பகலில் விசாரித்தார்கள்.

சான்டியாகோவில் கடற்படையின் உளவியலாளராக இருந்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். 1956-ல் பிறந்த அவர் மகன் மார்க் ஓயாமல் அழுதான். பேச்சு வந்தபோது, காதில் விழுந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னான். கல்லூரிப் பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு குழந்தையைப் பற்றிப் படித்தது மனைவி குளோரியாவின் நினைவுக்கு வந்தது. வண்டிக் கொட்டகையில் கிடந்த பழைய பெட்டிகளைக் கிளறி, இருவரும் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார்கள்.

குளோரியா பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கூடவே இருந்து கண்டவர் ரிம்லண்ட். பழியை அவரால் ஏற்க முடியவில்லை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் வருடக்கணக்கில் படித்து, 1964-ல் ‘இன்ஃபன்டைல் ஆட்டிசம்’ என்ற நூலை வெளியிட்டார். ஆட்டிசத்துக்குக் காரணம் உடலில் இருக்கிறது, தாய் வளர்த்த விதத்தில் இல்லை என்று வாதிட்டார். முன்னுரை எழுதியவர் அதே கானர்.

நூலின் கடைசியில் குழந்தையின் நடத்தை பற்றிய கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. முன்பின் தெரியாத பெற்றோர்கள் அதை நிரப்பி ரிம்லண்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்படி அறிமுகமானவர்கள் 1965 நவம்பரில் நியூஜெர்சியின் டீனெக்கில் கூடினார்கள். ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசியச் சங்கம் பிறந்தது.

அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் ரூத் கிறைஸ்ட் சல்லிவன். ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் ஒருவனான ஜோசப்புக்கு ஆட்டிசம். 1970-களில் சங்கத்தின் தகவல் சேவையைத் தன் வீட்டிலிருந்தே நடத்தினார். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தவித்தவர்களுக்கு, அதே பாதையில் நடந்த ஒரு தாயே வழி சொன்னார்.

1969-ல் சங்கத்தின் மாநாட்டு மேடையில் ஏறிய கானர், பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அறிவித்தார். 1977-ல் வெளிவந்த ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரின் இரட்டையர் ஆய்வு, ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கை எடுத்துக்காட்டியது.

விஞ்ஞானம் விடுவித்தாலும் சொந்தபந்தம் விடுவதில்லை. போனைக் கொடுத்துக் கெடுத்தாய், வேலைக்குப் போனதால்தான் இப்படி என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். மனம் ஒடிந்த தாய்க்கு மருத்துவர் தேவைப்படலாம். ஆனால் வீட்டில் தினமும் பழி விழுந்துகொண்டிருந்தால் எந்த மருந்து கேட்கும்? முதலில் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும். பிள்ளையை இரண்டு மணிநேரம் பார்த்துக்கொண்டு அவளைத் தூங்கவிட வேண்டும். அவளைப் போன்ற இன்னொரு தாயிடம் அழைத்துப்போக வேண்டும். டீனெக்கில் கூடியவர்களுக்குத் தெம்பு அப்படித்தான் வந்தது.