வேகத்தின் அளவுகோல்

புதிய கருவி பழைய கருவியினும் மேம்பட்டது என்று சொல்லிவிடுவது எளிது. எதனைக் கொண்டு அளந்து அவ்வாறு சொல்லப்படுகிறது என்ற வினா எழும்போதுதான் இடர்ப்பாடு தலைகாட்டுகிறது. கணினித் திரையில் உருவங்களைத் தீட்டிக் காட்டும் வரைகலை அட்டைகளின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும். அவ்வரலாற்றில், புதியது எது, பழையது எது, விரைவு எது என்ற மூன்றுமே ஐயத்திற்கு உள்ளான காலம் ஒன்றுண்டு. அது 2002, 2003 ஆகிய ஈராண்டுக் காலம்.

தொடக்கத்தில் ஒப்பீட்டுக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. 1996ஆம் ஆண்டில், கலிபோர்னியாவைச் சேர்ந்த திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ சில்லைத் தாங்கிய அட்டைகள் சந்தைக்கு வந்தன. சில்லின் வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். அட்டையின் நினைவகம் 4 மெகாபைட். எழுத்தையும் கோட்டையும் திரையில் காட்டும் அன்றாட வேலை அதற்குத் தெரியாது. அதற்கென மற்றோர் அட்டை கணினியில் இருந்தாக வேண்டும். ஆயினும் முப்பரிமாண விளையாட்டொன்றைத் தொடங்கியதும், அதுவரை கட்டங்கட்டமாகத் தெரிந்த சுவரும் தரையும் இழைத்த பலகைபோல் வழவழப்பாயின. அவ்வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் கண்டுகொள்ளும். 1998இல் வந்த இரண்டாம் வூடூ 90 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 1999இல் என்விடியா நிறுவனத்தின் ‘ஜீஃபோர்ஸ் 256’, உருவங்களின் வடிவக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் மையச் செயலியிடமிருந்து தானே ஏற்றுக்கொண்டது. ஆண்டு ஏற ஏற ஆற்றலும் ஏறியது. எண் பெரிதாயின் வேகமும் பெரிது என்ற நம்பிக்கை வாங்குவோர் மனத்தில் வேரூன்றியது இவ்வாறுதான்.

அந்நம்பிக்கையை 2002 பிப்ரவரியில் அறிமுகமான ‘ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ்’ அசைத்தது. முந்தைய ஆண்டின் ‘ஜீஃபோர்ஸ் 3’, ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விளையாட்டை எழுதுவோரே நிரலாக வகுத்தளிக்க இடந்தந்தது. எம்எக்ஸ் அட்டையில் அவ்வசதி இல்லை. அதன் உள்ளமைப்பு 2000ஆம் ஆண்டின் ‘ஜீஃபோர்ஸ் 2’ வழிவந்தது. பெயரில் நான்கு; பிறப்பில் இரண்டு! பழைய விளையாட்டுகளை ஓட்டிச் சோதிப்பவர்க்கு இக்குறை புலப்படாது. விளையாட்டு நிரலாளர் ஜான் கார்மாக், தாம் உருவாக்கி வந்த புதிய ‘டூம்’ விளையாட்டுக்காக இவ்வட்டையை வாங்க வேண்டா என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தினார்.

அதே ஆண்டின் கோடையில் கனடா நாட்டு ஏடிஐ நிறுவனம் ‘ரேடியான் 9700 புரோ’ அட்டையை வெளியிட்டது. அதற்கு விடையாக என்விடியா உருவாக்கிய ‘ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா’, 2003இன் தொடக்கத்தில்தான் வாங்குவோர் கைக்கு எட்டியது. முன்னதன் வேகம் 325 மெகாஹெர்ட்ஸ். பின்னதன் வேகம் 500. இவ்விரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் பின்னதையே தேர்ந்தெடுப்பார். ஆனால் ரேடியான் ஒரு கடிகாரத் துடிப்பில் எட்டுப் படப்புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டியது. எஃப்எக்ஸ் நான்குக்கே தீட்டியது. நினைவகத்துக்குச் செல்லும் பாதை ரேடியானில் 256 பிட் அகலம். எஃப்எக்ஸில் அதிற் பாதி. விரைந்து நடப்பவன் நான்கு குடம் சுமக்க, நிதானமாக நடப்பவன் எட்டுக் குடம் சுமந்தால் தொட்டி யாரால் முதலில் நிறையும்? பழைய விளையாட்டுகள் சிலவற்றில் எஃப்எக்ஸ் முந்தியது உண்மையே. புள்ளிதோறும் நிரல் ஓட்டும் புதுவகை விளையாட்டுகளில் மாதங்கள் பல மூத்த ரேடியானிடம் அது பின்தங்கியது. அதன் குளிர்விசிறி எழுப்பிய பேரிரைச்சலை என்விடியா நிறுவனத்தாரே ஒரு நகைச்சுவைக் காட்சிப்படத்தில் எள்ளி நகையாடிக்கொண்டனர்.

இந்நிலையில்தான் அளவுகோல் மீது அனைவர் பார்வையும் திரும்பியது. பின்லாந்து நாட்டு ஃபியூச்சர்மார்க் நிறுவனம் 2003 பிப்ரவரியில் ‘திரீடி மார்க் 03’ என்னும் சோதனை மென்பொருளை வெளியிட்டிருந்தது. அது சில காட்சிகளை ஓட்டிப் பார்த்து அட்டைக்கு மதிப்பெண் வழங்கும். காட்சியைக் காணும் கண் எப்போதும் வகுத்த ஒரே பாதையில்தான் செல்லும். மே மாதத்தில், உருவாக்குநர்க்கென அளிக்கப்பட்ட பதிப்பில் அக்கண்ணைப் பாதையை விட்டு விலக்கிப் பார்த்தோர் திகைத்தனர். எஃப்எக்ஸ் அட்டையில் வானமும் பின்புலமும் கிழிந்து கிடந்தன. அட்டையை இயக்கும் மென்பொருளுக்குப் பாதை முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால், அப்பாதையிலிருந்து பார்த்தால் தெரியாதவற்றை வரையாமலே விட்டிருந்தது. வினாத்தாளை முன்னரே அறிந்து, வரும் வினாக்களுக்கு மட்டும் விடையை உருப்போட்ட மாணவனின் நிலை இது. ஃபியூச்சர்மார்க் இச்சூழ்ச்சிகளை முறியடிக்கும் திருத்தப் பதிப்பை வெளியிட்டபோது, ‘எஃப்எக்ஸ் 5900 அல்ட்ரா’ அட்டையின் மதிப்பெண் 24.1 விழுக்காடு சரிந்தது. ஏடிஐ அட்டைக்கும் 1.9 விழுக்காடு குறைந்தது. அந்நிறுவனம் தன் மாற்றத்தை ஒப்புக்கொண்டு நீக்குவதாக அறிவித்தது. ஜூன் மாதத்தில் ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் கூட்டறிக்கை விடுத்தன. அதில் ‘ஏமாற்று’ என்ற சொல் மறைந்து, குறித்த மென்பொருளுக்கான சீரமைப்பு என்ற சொல் இடம்பெற்றது. சொல் மாறியதே தவிர, 24.1 மாறவில்லை.

ஏடிஐ நிறுவனமும் கறையற்றதன்று. 2001இல் அதன் ‘ரேடியான் 8500’ அட்டை, ‘குவேக் 3’ விளையாட்டின் பெயரை இனங்கண்டு படத்தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியது. சோதித்தோர் நிரலில் ‘குவேக்’ என்றிருந்த பெயரைக் ‘குவாக்’ என்று மாற்றியதும் வேகம் இறங்கியது, படம் தெளிந்தது.

பின்வந்த ஆண்டுகளில் வேறொரு குறை வெளிப்பட்டது. நொடிக்கு எத்தனை படங்கள் என்னும் சராசரியே அதுவரை வேகமாகக் கொள்ளப்பட்டது. நொடிக்கு 60 படங்கள் எனில் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி ஆகும். ஆனால் ஐம்பத்தொன்பது படங்கள் விரைந்து வந்து, ஒன்று மட்டும் நெடுநேரம் தேங்கினாலும் சராசரி அதே அறுபதுதான்; கண்ணுக்கோ படம் தடுக்கி விழும். 2011இல் ஸ்காட் வாசன் என்னும் இதழாளர் ஒவ்வொரு படத்திற்கும் ஆன காலத்தைத் தனித்தனியே கணக்கிட்டு இதனை எடுத்துக்காட்டினார். 2013இல் திரைக்குச் செல்லும் படத்தையே பதிவு செய்து, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வண்ணக்கோடிட்டு ஆராயும் கருவித்தொகுதி சோதனையாளர்க்குக் கிடைத்தது. அதனை வழங்கியது என்விடியாவே! ஏடிஐயை 2006இல் வாங்கியிருந்த ஏஎம்டி நிறுவனத்தின் இரட்டை அட்டைகளில், சில வரிகள் மட்டுமே திரையில் தோன்றிய துண்டுப் படங்களும் முழுப்படங்களாக எண்ணப்பட்டு வந்தமை அதனால் அம்பலமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏஎம்டி திருத்திய இயக்கி மென்பொருளை வெளியிட்டது.