ரப்பர் விரிப்பு காட்டாத காலம்

அறிவியல் கண்காட்சிகளில் பொதுச் சார்பியலை விளக்க ஒரு காட்சி தவறாமல் இடம்பெறும். வளையத்தில் இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பின் நடுவே கனத்த இரும்புக் குண்டை வைப்பார்கள். விரிப்பு குழியும். ஓரத்திலிருந்து உருட்டிவிட்ட கோலிக்குண்டு அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் விழும். சூரியன் வெளியை வளைக்கிறது, அந்த வளைவில் கோள்கள் சுற்றுகின்றன, ஈர்ப்பு என்பது இதுதான் என்று விளக்கம் முடியும்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் இரண்டு இடங்களில் அது தவறுகிறது. கோலிக்குண்டு குழியில் இறங்குவதற்குக் காரணம் விரிப்புக்குக் கீழே இருக்கும் பூமியின் இழுப்பு. ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கு அழைத்திருக்கிறார்கள். இதையாவது மன்னித்துவிடலாம். இரண்டாவது தவறு அடிப்படையையே தொடுகிறது. விரிப்பு வெளியின் வளைவை மட்டும் காட்டுகிறது. கையிலிருந்து நழுவிய கல்லைத் தரைக்குக் கொண்டுவருவது வெளியின் வளைவு அல்ல. உயரத்துக்கு உயரம் காலம் ஓடும் வேகம் மாறுகிறது என்பதே அதற்குக் காரணம். நாம் அன்றாடம் உணரும் ஈர்ப்பு கிட்டத்தட்ட முழுவதும் காலத்தின் விவகாரம் என்பதையும், கோட்பாட்டுக்குக் கிடைத்த மிக உறுதியான சான்றுகளில் பல கடிகாரங்களிலிருந்தே வந்தன என்பதையும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

முதலில் கணக்கு. கையில் அசையாமல் பிடித்திருக்கும் கல்லை விட்டால் முதல் நொடியில் அது 4.9 மீட்டர் விழுகிறது. காலத்தையும் வெளியையும் ஒரே அளவுகோலில் அளக்க ஒளியின் வேகத்தைக் கொண்டு பெருக்க வேண்டும். அப்படி அளந்தால் ஒரு நொடி என்பது 3 லட்சம் கிலோமீட்டர். ஆக, காலவெளியில் அந்தக் கல் 3 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து, அதில் வெறும் 4.9 மீட்டர் விலகியிருக்கிறது. அதன் பயணம் ஏறக்குறைய முழுவதும் காலத்தின் திசையில்தான். வெளியில் அது நகரவே இல்லை எனலாம். நகராத பொருளை வெளியின் வளைவு எப்படித் திருப்பும்?

திருப்புவது வேறொன்று. புவிப்பரப்பில் ஒரு மீட்டர் உயரே வைத்த கடிகாரம், கீழே இருப்பதைவிட 29 கோடி ஆண்டுகளுக்கு ஒரு நொடி என்ற வீதத்தில் முந்துகிறது. இது அற்ப வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் அதைப் பெருக்குவது ஒளிவேகத்தின் இருமடி. அப்படிப் பெருக்கினால் கிடைப்பது நொடிக்கு நொடி 9.8 மீட்டர், அதாவது பள்ளியில் படித்த அதே முடுக்கம். விதியையும் கடிகார மொழியிலேயே சொல்லலாம்: எந்த விசையும் தீண்டாமல் செல்லும் பொருள், ஒரு நிகழ்விலிருந்து இன்னொரு நிகழ்வுக்குப் போகும் பாதைகளில், தன் கடிகாரம் அதிக நேரம் காட்டும் பாதையில் போகிறது. மேலே எறிந்த கல்லை இரண்டு நொடி கழித்துப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். உயரே போகப்போக அதன் கடிகாரம் விரைகிறது. ஆனால் மிக உயரே போய்த் திரும்ப மிக வேகமாக நகர வேண்டும், அந்த வேகம் கடிகாரத்தை மந்தப்படுத்துகிறது. இந்த வரவுக்கும் செலவுக்கும் நடுவே அதிக நேரம் தரும் பாதையில் கல் எட்டும் உச்சம் 4.9 மீட்டர். எறிந்த கல் உண்மையில் எட்டுவதும் அதே உயரம்தான். 1960களின் தொடக்கத்தில் கால்டெக்கில் நடத்திய விரிவுரைகளில் ரிச்சர்ட் ஃபைன்மன் மாணவர்களுக்கு இதையே புதிராக வைத்தார்.

இங்கே ஒரு தெளிவு தேவை. காலம் மெதுவாக ஓடும் இடத்தில் ஈர்ப்பு அதிகம் என்று சொல்லிவிடக் கூடாது. புவியின் மையத்தில் பொருளுக்கு எடையே இல்லை, எல்லாப் பக்க இழுப்பும் ஈடாகிவிடும். ஆனாலும் புவிக்குள் கடிகாரம் மிக மெதுவாக ஓடுவது அங்கேதான். புவி உருவான நாள்முதல் கணக்கிட்டால் மையம் மேற்பரப்பைவிடச் சுமார் இரண்டரை ஆண்டு இளையது. மந்தம் மட்டும் இருந்தால் எதுவும் விழாது. மந்தம் இடத்துக்கு இடம் மாறும்போதுதான் விழும்.

ஐன்ஸ்டைன் சென்ற வழியும் காலத்திலிருந்தே தொடங்கியது. பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 1907இலேயே, ஈர்ப்பு கடிகாரங்களைப் பாதிக்கும் என்று அவர் கண்டுவிட்டார். 1911இல் பிராகில் இருந்தபோது அந்தக் கால விளைவை மட்டும் வைத்துச் சூரியனை உரசிவரும் விண்மீன் ஒளி எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டார். கிடைத்தது, இன்றைய மதிப்பில், 0.87 வில்விநாடி (ஒரு டிகிரியின் 3,600இல் ஒரு பங்கே ஒரு வில்விநாடி). 1915 நவம்பரில் பெர்லினில் முழுக் கோட்பாடும் கைக்கு வந்த பிறகு விடை சரியாக இருமடங்கானது: 1.75. கூடிய பாதி வெளியின் வளைவு தந்தது. ஒளி காலத்தில் எவ்வளவு செல்கிறதோ வெளியிலும் அவ்வளவே செல்கிறது. எனவே இரண்டும் சமபங்கு. விரிப்பு காட்டும் வளைவு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இது. 1919 மே 29 கிரகணத்தின்போது பிரின்சிபியிலும் சோப்ராலிலும் எடுத்த படங்கள் தீர்க்க வேண்டியிருந்ததும் பாதியா முழுதா என்பதைத்தான். புகழ் அங்கிருந்து பரவியதால், வெளியின் வளைவே கோட்பாட்டின் முகமாக மக்கள் மனத்தில் பதிந்தது போலும்.

காலம் பற்றிய சோதனைக்கு இவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. அதில் முதல் கடும் உழைப்புகளில் ஒன்று பழனி மலைத்தொடரில் நடந்தது. சூரியப் பரப்பில் அணுக்களின் துடிப்பு நம் ஊர் அணுக்களின் துடிப்பைவிட மெதுவாக இருக்க வேண்டும். ஆகவே சூரிய நிறமாலைக் கோடுகள் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். கொடைக்கானல் ஆய்வகத்தில் இருந்த ஜான் எவர்ஷெட் இத்தகைய நுண்ணிய நகர்வுகளை அளப்பதில் கைதேர்ந்தவர். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. ஆய்வகத்து இரும்புச் சுடரின் கோடுகளோடு ஒப்பிட்டபோது சூரியக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை அவரும் உதவியாளர் தாமஸ் ராய்ட்ஸும் கண்டார்கள். ஆனால் நகர்வின் அளவு கோட்டுக்குக் கோடு மாறியது, சூரியவட்டின் நடுவில் ஒரு விதமாகவும் விளிம்பில் வேறு விதமாகவும் இருந்தது.

எவர்ஷெட் அவசரப்பட்டு ஐன்ஸ்டைன் பக்கம் சாயவில்லை. நகர்வு வாயுவின் ஓட்டத்தால் வருகிறது என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயு நம்மைவிட்டு விலகி ஓடுவதாக ஆகிறது; அதாவது புவி சூரிய வாயுவை விரட்டுகிறது என்று பொருள். நம்ப முடியாத முடிவு. அதையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. நமக்கு முகம்காட்டாத சூரியப் பக்கத்தின் ஒளி வெள்ளிக்கோளில் பட்டுத் திரும்புகிறது. அந்த ஒளியின் நிறமாலையை எடுத்து அளந்தார். இதற்கிடையே 1917இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான், எதிர்பார்த்த நகர்வே இல்லை என்று அறிவித்திருந்தார். 1920களில்தான் இருவரும் ஒரே பக்கம் வந்தார்கள்: ஈர்ப்பின் நகர்வு உண்டு, அதோடு வேறு விளைவுகளும் கலந்திருக்கின்றன. சூரியப் பரப்பில் கொதித்தெழும் வாயு நம்மை நோக்கி வருவதால் வட்டின் நடுவில் நகர்வைக் குறைத்துக் காட்டுகிறது என்பது பின்னால் புரிந்தது. கொடைக்கானலின் இந்தப் பங்கு 1919 கிரகணக் கதையின் நிழலில் மறைந்துபோனது வருத்தத்துக்குரியது. கேள்வியின் கடினத்தில் அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

சூரியனின் கொதிப்பிலிருந்து விடுபட, சோதனை ஒரு கட்டடத்துக்குள் வர வேண்டியிருந்தது. ஹார்வர்டின் ஜெஃபர்சன் ஆய்வகக் கோபுரத்தில் 22.5 மீட்டர் இடைவெளியில் ராபர்ட் பவுண்டும் க்ளென் ரெப்காவும் இரும்பு-57 உமிழும் காமாக் கதிர்களை மேலும் கீழும் அனுப்பினார்கள். காற்று கதிர்களை உறிஞ்சிவிடாமல் இருக்க, தளங்களைத் துளைத்துச் சென்ற நீண்ட பையில் ஹீலியம் நிரப்பினார்கள். எதிர்பார்த்த மாற்றம் நான்கு கோடி கோடியில் ஒரு பங்கு. பெரிய எதிரி வெப்பம்: மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலே தேடிய விளைவுக்கு ஏறக்குறைய இணையான மாற்றம் வந்துவிடும். 1960இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கோட்பாட்டோடு பத்து சதவீதத்துக்குள் ஒத்தது. 1965இல் பவுண்டும் ஸ்னைடரும் அதை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கட்டடத்துக்கு அடுத்து விண்வெளி. 1977 ஜூனில் அமெரிக்கா ஏவிய என்.டி.எஸ்.-2 செயற்கைக்கோளில் சீசியம் அணுக் கடிகாரம் இருந்தது. சார்பியல் திருத்தம் தேவைதானா என்று ஐயப்பட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். அதனால் திருத்தத்தைத் தேவைப்பட்டால் மட்டும் இயக்கும்படி அமைத்து, முதல் இருபது நாள் இயக்காமல் விட்டார்கள். கடிகாரம் லட்சம் கோடியில் 442.5 பங்கு முந்தியது. கோட்பாடு சொன்னது 446.5. நாளொன்றுக்கு இது 38 மைக்ரோநொடி, ஒளி 11 கிலோமீட்டர் கடக்கும் நேரம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்தியாவின் நாவிக் இடங்காட்டிச் செயற்கைக்கோள்களுக்குக் கணக்கிட்டால் 46 மைக்ரோநொடிக்குச் சற்று மேல் வரும். 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்.-01 கோளில் அகமதாபாதில் உருவாக்கிய ரூபிடியம் கடிகாரமும் சென்றது.

இனிப் பேரண்டம். விரிப்பு உவமை அதிகம் ஏமாற்றும் இடம் இதுவே. பிளாங்க் விண்கலத்தின் 2018 முடிவுகளைப் பிற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், பேரளவில் வெளி ஆயிரத்தில் இரண்டு பங்குப் பிழைக்குள் தட்டையானது. விரிப்பில் குழியே இல்லை. என்றாலும் காலவெளி வளைந்திருக்கிறது, ஏனெனில் வெளியின் அளவே காலத்தோடு மாறுகிறது. 1922இல் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் எழுதிய தீர்வுகளின் உயிர்நாடி இந்த மாற்றம்தான். அதையும் கடிகாரமாகப் படிக்க முடிகிறது: ஒளியின் அலைநீளம் இருமடங்காக நீண்டு வந்தால், அங்கே வெடித்த விண்மீன் ஒளிர்ந்து மங்கும் காலமும் நமக்கு இருமடங்காகத் தெரிகிறது. டார்க் எனர்ஜி சர்வே என்ற வானாய்வு கண்ட 1,504 வெடிப்புகளில் இந்த நீட்சி 2024இல் உறுதிசெய்யப்பட்டது.

எல்லாவற்றையும் காலத்தின் கணக்கில் எழுதிவிடலாமா என்றால், முடியாது. காலம் இவ்வளவு, வெளி இவ்வளவு என்று பிரிப்பதே பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்தது என்ற மறுப்பு வலுவானது. புவி, சூரியன் போன்று அசையாத, மென்மையான ஈர்ப்புப் புலங்களில் அந்தப் பிரிவினைக்கு இயற்கையான பொருள் உண்டு. மேலே சொன்ன வாதம் நிற்பது அந்த எல்லைக்குள். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற ஈர்ப்பலை உணர்கருவியின் 4 கிலோமீட்டர்க் கைகளைப் புரோட்டானின் விட்டத்தைவிடச் சிறிதான அளவு நீட்டிச் சுருக்கிய ஈர்ப்பலையை வழக்கமான விவரிப்பில் வெளியின் அதிர்வாகவே எழுதுகிறார்கள். அங்கே காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. மாணவருக்கு முதலில் எதைச் சொல்வது என்பதே இங்கு கேள்வி. விழும் கல்லிலிருந்து தொடங்குவதானால், அவர் கையில் கொடுக்க வேண்டியது கடிகாரம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஒரு நல்ல அணுக் கடிகாரத்தை வைத்தால், சென்னைக் கடற்கரையில் இருப்பதைவிட அது நாளுக்கு 22 நானோநொடி முந்தும். இப்போது இதைவிடப் பன்மடங்கு நுட்பம் கைவந்துவிட்டது. 2022இல் கொலராடோவில் ஜுன் யே குழு ஏறத்தாழ ஒரு லட்சம் ஸ்ட்ரான்ஷியம் அணுக்களைக் குளிர்வித்து அடுக்கி, ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் காலம் மாறுவதை அளந்தது. டோக்கியோவில் ஹிடெதோஷி கடோரியின் குழு ஸ்கைட்ரீ கோபுரத்தின் 450 மீட்டர் உயர வேறுபாட்டையே கடிகாரங்களால் படித்துக் காட்டியது. 2030ஐ ஒட்டி நொடியின் வரையறையை இத்தகைய ஒளிக் கடிகாரங்களுக்கு மாற்றத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: வெவ்வேறு நாட்டு ஆய்வகங்களின் நொடிகளை ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வோர் ஆய்வகமும் தன் கடிகாரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் அறிந்திருக்க வேண்டும்.