மயஸ்தீனியா: நரம்பும் தசையும் சேருமிடத்தில் ஒரு நோய்

எலும்போடு ஒட்டிய தசை எதுவும் தானாகச் சுருங்குவதில்லை. மூளையின் கட்டளை மின்துடிப்பாக நரம்பில் ஓடிவந்து, தசையைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. நரம்பு நுனிக்கும் தசை நாருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அதைக் கடக்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். நரம்பு நுனியில் சுரக்கும் அது, தசைப் பரப்பிலுள்ள ஏற்பிகளில் போய் ஒட்டியதும் தசை சுருங்குகிறது. அடுத்த கணமே ஒரு நொதி அதைச் சிதைக்க, தசை தளர்கிறது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோய் தாக்குவது இந்த இடத்தைத்தான். நரம்பிலும் பழுதில்லை, தசையிலும் பழுதில்லை என்பதால், நோயின் இருப்பிடத்தைக் கண்டறியவே முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672இல் வெளியிட்ட நூலில், சிறிது நேரம் தொடர்ந்து பேசினாலே பேச்சு முற்றிலும் நின்றுவிடும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓரிரு மணி நேர ஓய்வில் அவருக்குப் பேச்சு திரும்பிவிடும். பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்வதும், ஓய்வெடுத்தால் தேறுவதும் இந்நோயின் தனி அடையாளம். காலையில் நன்றாக விழித்திருக்கும் கண்ணின் இமை மாலையில் சரியும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சாப்பாட்டின் பாதியில் மெல்லும் தாடை ஓய்ந்துவிடும். நோய் மூச்சுத் தசைகளைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

வில்லிஸுக்குப் பின் இரண்டு நூற்றாண்டுகள் இதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப் 1879இலும், வார்சாவில் சாமுவேல் கோல்ட்ஃபிளாம் 1893இலும் நோயாளிகளை விவரித்தார்கள். பெர்லினில் ஃபிரெடரிக் ஜாலி 1895இல் இன்றைய பெயரைச் சூட்டினார். அவர் செய்த சோதனை அதைவிட முக்கியமானது. தசையை மின்சாரத்தால் திரும்பத் திரும்பத் தூண்டியபோது, அதன் சுருக்கம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. சோர்வு மனப் பிரமையல்ல என்பதற்கு அது கண்கூடான சான்று. ஆனால் பிணக்கூறாய்வில் மூளையிலோ முதுகுத்தண்டிலோ சொல்லும்படியான கோளாறு எதுவும் தென்படவில்லை.

விடைக்கு வழிகாட்டியவை நஞ்சுகள். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் குராரே விலங்குகளை முடக்கிக் கொல்லும். பிரான்ஸில் கிளாட் பெர்னார் 1850களில் தவளைகளை வைத்து ஆராய்ந்தபோது, குராரே ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையை நேரடியாகத் தூண்டினால் சுருங்கியது. நஞ்சு வேலை செய்தது இரண்டும் சேருமிடத்தில். இதற்கு மாற்றாக அமைந்தது இன்னொரு நஞ்சு. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒருவகை அவரை விதையைக் கொடுத்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்த விதையிலிருந்து பிரித்தெடுத்த ஃபைசோஸ்டிக்மின், குராரேயின் முடக்கத்தை நீக்குவதை வியன்னாவில் யாக்கோப் பால் 1900இல் கண்டார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

இந்த இரு நஞ்சுகளையும் நோயோடு இணைத்துப் பார்த்தவர் மேரி வாக்கர். லண்டன் கிரீன்விச்சில், ஏழைகளுக்கென ஏற்பட்ட ஒரு மருத்துவமனையில் உதவி மருத்துவராக இருந்தவர். மயஸ்தீனியா குராரே நஞ்சேறியது போலிருக்கிறது என்று நரம்பியல் நிபுணர் டெரெக் டென்னி-பிரவுன் சொல்லக் கேட்டு, அப்படியானால் குராரேக்கான முறிமருந்தையே கொடுத்துப் பார்க்கலாமே என்று முடிவு செய்தார். 1934இல் 56 வயதுப் பெண் ஒருவருக்கு ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டார். சரிந்திருந்த இமை உயர்ந்தது, கைகளுக்கு வலு வந்தது, விழுங்குவது எளிதாயிற்று. சில மணி நேரத்தில் பலன் வடிந்துவிட்டாலும், இந்நோய்க்குக் கிடைத்த முதல் உருப்படியான மருந்து அதுவே. பெரிய ஆய்வுக்கூடங்கள் எதுவும் எட்டாத இடத்தை அவர் எட்டினார். அதற்கேற்ற பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மருந்து கிடைத்த பிறகும் காரணம் புரியவில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே இந்த இணைப்பைத் தாக்குகிறது என்று மருத்துவர் ஜான் சிம்ப்சன் 1960இல் கருத்துரைத்தார். அதை உறுதிப்படுத்த மறுபடியும் ஒரு நஞ்சே உதவியது. தமிழகத்தில் தரையில் படுத்துறங்குபவர்களை இரவில் தீண்டும் கட்டுவிரியனுக்கு உறவான ஒரு பாம்பு தைவானில் உண்டு. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் இமை சரிந்து, பேச்சு குழறி, மூச்சு முட்டும். தைவான் பாம்பின் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற அறிவியலாளர்கள் 1963இல் பிரித்த ஒரு புரதம், அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பற்றினால் விடுவதேயில்லை. அதில் கதிரியக்க அடையாளம் இட்டால் ஏற்பிகளை எண்ணிவிடலாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 1973இல் அப்படி எண்ணியபோது, நோயாளிகளின் தசையில் இயல்பான அளவில் 11 முதல் 30 சதவீத ஏற்பிகளே இருந்தன. அதே ஆண்டு பேட்ரிக், லின்ட்ஸ்ட்ராம் என்ற ஆய்வாளர்கள் மின்விலாங்கின் ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தினார்கள். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் உருவாகி, முயல்கள் மயஸ்தீனியா கண்டவர்களைப் போலவே துவண்டன.

ஜாலி கண்ட சோர்வுக்கும் இதோடு விளக்கம் கிடைத்தது. நரம்பு அடுத்தடுத்துத் தூண்டப்படும்போது சுரக்கும் அசிட்டைல்கோலின் யாருக்கும் சற்றுக் குறையும். ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் மற்றவர்களுக்கு அது தெரிவதில்லை. நோயாளிக்கு அந்த மிச்சமே இல்லை.

எதிர்ப்புரதங்களை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் சிகிச்சை 1976இல் லண்டனில் தொடங்கியது. ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை அடக்கும் பிற மருந்துகளும் வந்தபின், முன்பு மூச்சு நின்று இறந்திருக்கக்கூடியவர்கள் வேலைக்குப் போகிறார்கள். ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புரதம் இல்லாத நோயாளிகள் சிலரிடம் மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதம் தாக்கப்படுவது 2001இல் தெரியவந்தது. மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றுவதால் பயன் உண்டா என்ற வழக்கு மட்டும் நீண்டது. அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளலாக் ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றியபின் அவர் தேறிய செய்தி 1939இல் வெளியானது முதலே அது விவாதப் பொருள். கட்டி இல்லாத 126 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் அதற்கு விடை சொன்னது: அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் தசைச் சோர்வும் குறைந்தது, ஸ்டீராய்டின் தேவையும் குறைந்தது.