மோட்டார் வரைந்த அளவுகோல்

மாதிரி டாங்கி கட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். ஒரு கட்சி அலமாரிக்காகக் கட்டுகிறது. அந்த டாங்கி அசையாது. ஆனால் அதன் ஒவ்வொரு ஆணித்தலையும் அசலைப் போலவே இருக்கும். இன்னொரு கட்சி ஓட்டுவதற்காகக் கட்டுகிறது. அதற்கு மோட்டார், பாட்டரி, ரேடியோ, சத்தம், புழுதி எல்லாம் வேண்டும். முதல் கட்சிக்கு இரண்டாவது கட்சியின் மேல் மெல்லிய இளக்காரம் உண்டு: ஓடுவது பொம்மை, நிற்பதே மாதிரி என்று. இந்த இளக்காரத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதே இங்கே என் வாதம். அலமாரிக் கட்சி பெருமையாகச் சொல்லும் துல்லியத்துக்கு அளவுகோலையும் வாடிக்கையாளரையும் மூலதனத்தையும் தேடிக் கொடுத்தது ஓடும் டாங்கிதான். பிறகு ரேடியோ சேர்ந்தபோது, நிற்கும் டாங்கியிடம் யாரும் கேட்காத கேள்விகளை அது எழுப்பியது. சாட்சியம் பெரும்பாலும் ஜப்பானின் ஷிசுவோகா என்ற ஒரே ஊரிலிருந்து கிடைக்கிறது.

ஷிசுவோகா மரவேலைக்குப் பேர்போன ஊர். தொக்குகாவா இயேயாசு ஆட்சியை மகனிடம் விட்டுவிட்டு வந்து தங்கிய சும்பு கோட்டை இங்கேதான். 1616-இல் அவர் இறந்த பின் எழுந்த குனோசான் தோஷோகு, ஊருக்குள் இருக்கும் செங்கென் ஆகிய கோயில்களின் திருப்பணி தச்சர்களையும் அரக்குவேலைக்காரர்களையும் இழுத்து வந்தது. வேலை முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை என்று உள்ளூர் வரலாறு சொல்கிறது. அந்தக் கைத்தொழில் மரபின் கடைசிக் கிளைகளில் ஒன்று மர மாதிரி. அவோஷிமா 1924-இலும் ஹசெகாவா 1941-இலும் தொடங்கின. யோஷியோ டாமியா 1946-இல் ஆரம்பித்தது மர வியாபாரம். இரண்டு ஆண்டுகளில் மரத்தில் மாதிரிகளும் செய்யத் தொடங்கி, 1953-இல் மர வியாபாரத்தையே விட்டுவிட்டு மாதிரிகளோடு நின்றுகொண்டார். ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க பிளாஸ்டிக் மாதிரிகள் ஜப்பானியக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. மரம் விலைபோகவில்லை. 1960-இல் டாமியா தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக யமாதோ போர்க்கப்பலை 1/800 அளவில் கொண்டுவந்தது. போட்டி நிறுவனம் ஒன்று அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்றது. எஃகு அச்சுக்குப் போட்ட பணம் திரும்பவில்லை.

அடுத்து வந்தது ஜெர்மனியின் பாந்தர் டாங்கி. 1960களின் தொடக்கத்தில் வெளியான அந்தப் பெட்டியின் மேல், சாகசப் பத்திரிகைகளுக்கு வரைந்து புகழ்பெற்ற ஷிகேரு கோமாட்சுசாகியின் ஓவியம் இருந்தது. உள்ளே ஒரு மோட்டாரும் இருந்தது. ஓடாத பிளாஸ்டிக்கைச் சிறுவர்கள் வாங்கத் தயங்கிய காலம் அது. மபுச்சி நிறுவனத்தின் சிறு மோட்டார்கள் மலிவாகக் கிடைத்தன, ஓடினால்தான் விற்கும். நிறுவனத்தின் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் ஷுன்சாகு டாமியா பின்னாளில் சொன்ன கணக்கு இது: கியர்பாக்ஸும் நடுத்தர அளவு பாட்டரி இரண்டும் உள்ளே உட்கார வேண்டும், அதற்கேற்ப உடலின் அகலத்தை முடிவு செய்தார்கள். வேலை முடிந்து அசலோடு ஒப்பிட்டு அளந்தபோது அது ஏறத்தாழ 1/35 ஆக இருந்தது. தொடர்ந்து வந்த டாங்கிகளுக்கும் அதே அளவை வைத்துக்கொண்டார்கள். இன்று செக் நாட்டிலும் சீனாவிலும் உக்ரைனிலும் அச்சிடப்படும் டாங்கி மாதிரிகளில் பெரும்பகுதி 1/35. கணிதத்தில் அந்த எண்ணுக்கு எந்த அழகும் கிடையாது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1961-இல் டாங்கிகளை 1/76-இல் கொண்டுவந்ததற்கும் இப்படியொரு காரணம் உண்டு: அங்கே வீட்டுக்கூடங்களில் ஓடிய பொம்மை ரயில்களின் அளவு அது. ஒரு நாட்டில் தண்டவாளம் தீர்மானித்ததை இன்னொரு நாட்டில் பாட்டரி தீர்மானித்திருக்கிறது.

இதற்கு அலமாரிக் கட்சியின் மறுப்பு கூர்மையானது. மோட்டாருக்காகச் செய்த டாங்கிகள் தப்பும் தவறுமானவை என்பார்கள். உடல் தேவைக்கு மேல் அகலம். வயிற்றில் சுவிட்சுக்கு ஓட்டை. சங்கிலிப் பட்டை ரப்பர் நாடா. சக்கரங்களின் உட்புறம் வெறும் பள்ளம். உண்மைதான். மோட்டார் இல்லாமல் விற்ற 1970களின் மாதிரிகளில்கூட, பழைய வழக்கத்தால் அடித்தட்டில் அந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. புட்டி என்ற நிரப்புப் பசை வைத்து அவற்றை அடைப்பதே கட்டுகிறவரின் முதல் வேலை. ஆனால் தவறைத் தவறென்று அறிய அசலை அளந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன? 1960களில் ஷுன்சாகு டாமியா அமெரிக்காவின் அபர்டீன் ராணுவ வளாகத்துக்கே போய், திறந்தவெளியில் நின்ற டாங்கிகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வந்தார். போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளே கழிந்திருந்த ஜப்பானில், ஒரு மாகாண ஊர்ப் பொம்மைக் கம்பெனிக்கு அந்தப் பயணத்துக்கான பணத்தைக் கொடுத்தது ஓடும் டாங்கிகளின் விற்பனை. 1968-இல் தொடங்கிய ராணுவ மினியேச்சர் வரிசை, அந்தப் படங்களின் மேலும் மோட்டார் நிர்ணயித்த அதே 1/35-இன் மேலும் எழுந்தது.

அதன்பின் அலமாரிக் கட்சி வெகுதூரம் போனது என்பதையும் மறுக்க முடியாது. அமெரிக்காவில் ஷெப்பர்ட் பெய்னும் பெல்ஜியத்தில் ஃபிரான்சுவா வெர்லிண்டனும் மாதிரியைச் சுற்றி நிலக்காட்சியை அமைத்து, வண்ணத்தை வெளிச்சமாகவும் நிழலாகவும் பிரித்துப் பூசக் கற்றுக்கொடுத்தார்கள். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க ஜெர்மானியர்கள் 1943 இறுதி முதல் 1944 செப்டம்பர் வரை தங்கள் டாங்கிகளில் பூசிய சிம்மெரிட் என்ற பசையின் வரிகளைக்கூட, புட்டியில் ஒவ்வொரு கோடாக அழுத்தி எடுத்தார்கள். மோட்டார் போனதால்தான் இது முடிந்தது என்றால், மேற்பரப்பைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். டாங்கி என்பது மேற்பரப்பு மட்டும்தானா என்பதே மிச்சமுள்ள வழக்கு.

1974-இல் டாமியா தன் முதல் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரியை வெளியிட்டது. புகழ்பெற்ற போர்ஷே 934 காருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்த அது, 1/16 அளவிலான அமெரிக்க ஷெர்மன் டாங்கி. ரேடியோவும் பெரிய பாட்டரியும் அடங்க 1/35 போதாது. இங்கும் உள்ளே போகும் சரக்கே அளவை நிர்ணயித்தது. ஆனால் இம்முறை டாங்கி வளைந்து திரும்பியாக வேண்டும். அங்கே ஒரு சுவையான சிக்கல் காத்திருந்தது. இரண்டு சங்கிலிக்கும் தனித்தனி மோட்டார் வைத்தால் எந்த மாதிரியும் நின்ற இடத்திலேயே சுழலும். ஜெர்மனியின் டைகருக்கு அது பொருந்தும். அசல் டைகரின் கியர் அமைப்பு ஒரு பக்கச் சங்கிலியை முன்னும் மறுபக்கத்தைப் பின்னும் ஓட்டவல்லது. அசல் ஷெர்மனுக்கு அந்த வித்தை தெரியாது. அதன் டிஃபரன்ஷியல் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைவிட மெதுவாக ஓட்ட மட்டுமே செய்யும். முழு வட்டம் அடிக்க ஏறத்தாழ 19 மீட்டர் விட்டமுள்ள வெளி வேண்டும். ஆக, ஆணித்தலை வரை துல்லியமான ஒரு ஷெர்மன், ஓடத் தொடங்கிய கணத்தில் பொய் சொல்ல முடியும். நிற்கும் மாதிரியில் இந்தப் பொய்யைச் சொல்லவும் முடியாது, பிடிக்கவும் முடியாது.

சத்தமும் அப்படித்தான். 1990களின் இறுதியில் டாமியா 1/16 டாங்கிகளோடு மறுபடி வந்தபோது, இஞ்சின் ஒலி, சுடும்போது குழல் பின்வாங்குவது, அதோடு உடல் குலுங்குவது எல்லாம் மின்னணுப் பலகைக்குள் அடங்கியிருந்தன. ஷெர்மனுக்கு எந்த இஞ்சினின் ஒலி? அதன் வகைகளில் எம்4-இல் விமானத்துக்கென்று உருவான ரேடியல் இஞ்சின்; எம்4ஏ2-இல் இரட்டை டீசல்; எம்4ஏ3-இல் ஃபோர்டு வி8. எம்4ஏ4-இல் கிறைஸ்லர் ஐந்து கார் இஞ்சின்களை ஒன்றாகக் கட்டி முப்பது சிலிண்டராக்கியது. அந்தப் பூதம் உள்ளே போக உடலையே நீட்டினார்கள். சக்கரத் தொகுதிகள் விலகின. சங்கிலிக் கண்ணிகள் பக்கத்துக்கு 79 என்பது 83 ஆனது. ஆகவே ஒலியைத் தேர்ந்தெடுக்கிறவர், அறிந்தோ அறியாமலோ, சக்கர இடைவெளியைப் பற்றியும் ஒரு முடிவு எடுக்கிறார். காதுக்கு முப்பது சிலிண்டரும் கண்ணுக்கு 79 கண்ணியும் என்றால் அந்த டாங்கி எங்கும் இருந்ததில்லை.

எடைக்கு வருவோம். அசல் டைகர் 57 டன். 1/16 என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒரு பங்கு, எடை 4096-இல் ஒரு பங்கு: ஏறத்தாழ 14 கிலோ. பிளாஸ்டிக் மாதிரி அதில் பாதியைக்கூட எட்டாது. அதனால் மேட்டில் ஏறும்போது தக்கையாகத் துள்ளும். சங்கிலி, சக்கரங்களின் மீது தொய்யாமல் விறைப்பாக நிற்கும். அசலில் சங்கிலி தன் பளுவால் தொய்கிறது. அலமாரிக்காரர்கள் இந்தத் தொய்வைப் பசை வைத்து ஒட்டி உண்டாக்குவார்கள். ஓட்டுகிறவர்கள் உலோகச் சங்கிலி மாட்டுகிறார்கள், அது தானே தொய்கிறது. தரையில் உரசும் விளிம்புகளை மினுக்கக் கிராஃபைட் தேய்ப்பது அலமாரி வேலை. நான்கு நாள் மண்ணில் ஓடிய உலோகச் சங்கிலிக்கு அது தேவையில்லை. சேறு எந்த மட்டம் வரை தெறிக்கும், எந்த மூலையில் தங்கும் என்பதற்கும் ஓடிய டாங்கியே சாட்சி. இழப்பும் உண்டு: பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த மெல்லிய மண்காப்பு முதல் கல்லிலேயே வளைந்துவிடும். ஆனால் போர்முனைப் படங்களில் டைகர்களின் மண்காப்புகளும் வளைந்தும் கழன்றும்தான் இருக்கின்றன.

இன்னொரு மறுப்பு: கொல்லும் வண்டியை இவ்வளவு ஆசையாகச் செதுக்குவதே தவறு, அதில் ஓட்டமென்ன நிலையென்ன என்பது. ஷிசுவோகாவே 1945 ஜூனில் குண்டுவீச்சில் எரிந்த நகரம். அங்கிருந்து டாங்கிப் பெட்டிகள் உலகெங்கும் போனதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. அதை இந்தக் கட்டுரை தீர்க்காது. அந்தக் குற்றச்சாட்டு இரு கட்சிகள் மீதும் ஒரே அளவில் விழுகிறது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

மிச்சமிருப்பது விலை. டாமியாவின் 1/16 டாங்கி எல்லார் கைக்கும் எட்டுவதல்ல. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், பொம்மைத் தொழிலே ஊர்த்தொழிலான செங்ஹாயிலிருந்து ஹெங் லாங் நிறுவனம் அதே அளவு டாங்கிகளை மிக மலிவாக அனுப்பத் தொடங்கியபோது, ஓட்டும் கட்சி மறுபடி பொம்மைக்கே திரும்பிவிட்டது என்று எதிர்க்கட்சி சிரித்தது. வந்த டாங்கிகளில் குறைகள் இருந்தன: பிளாஸ்டிக் கியர் பல் உதிர்ந்தது, சங்கிலி கழன்றது, வண்ணம் பளபளத்தது. அந்தக் குறைகளே வேலைமேசையைத் திறந்தன. உலோக கியர்பாக்ஸ், உலோகச் சங்கிலி, வார்ப்பு எஃகின் சொரசொரப்புக்குப் புட்டியும் தூரிகையும், வேறு ஒலிப்பலகை என்று வாங்கியதைப் பிரித்துத் திரும்பக் கட்டுவது பல நாடுகளில் தனிக் கலையாக வளர்ந்தது. அவர்களுக்கென்று வந்த கட்டுப்பாட்டுப் பலகைகள் சிலவற்றில், நின்ற இடத்தில் சுழல்வதைத் தடுக்கும் வசதி உண்டு. ஷெர்மன் வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுவிட்டு, அசல் ஓட்டுநரைப் போல, திரும்ப இடம் தேடுகிறார்கள்.